புழுதி ஆடுகளம் – 9: ஏரிக்குள் விளைந்த யார்க்கர்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது குமாரமங்கலம். அந்த ஜமீன் வீட்டுப் பிள்ளை டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்துக்கே முதல்வராக இருந்தவர். பிற்பாடு ராஜாஜி அமைச்சரவையில் சட்ட அமைச்சர், டெல்லியில் மத்திய அமைச்சர், கடைசியில் மகாராஷ்டிர ஆளுநர் என்று பதவிகள் வரிசை கட்டி வந்தன. அந்த வரிசையில் ஒன்றை மட்டும் உள்ளூர்க்காரர்களே மறந்துவிட்டார்கள். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் அவர்தான்.

எட்டு வருஷம் இந்தியக் கிரிக்கெட்டின் தலைமை நாற்காலியில் இன்றைய நாமக்கல் மாவட்டத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஆட்டம் அவர் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் பார்த்தோமே, 1846-இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், அவர்களுக்குப் போட்டியாக 1888-இல் புச்சிபாபு நாயுடு தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப், 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ஒரே நாளில் முடிந்துபோன முதல் ரஞ்சி ஆட்டம், எல்லாமே கூவத்தைச் சுற்றி நடந்தவை. சேலம் ஜில்லாவில் யாரோ ஒரு கலெக்டரும் அவருடைய குமாஸ்தாக்களும் சாயங்காலத்தில் மட்டை பிடித்திருக்கலாம். ஊர் ஜனம் ஆடியது சடுகுடு.

அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. இந்தச் சமவெளியின் பிழைப்பு அப்படி. எடப்பாடி, ஜலகண்டாபுரம், பள்ளிபாளையம், குமாரபாளையம் எங்கும் விசைத்தறி. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கும் சேகோ ஆலையும். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கக் கிளம்பிப் போகும் போர்வெல் ரிக் வண்டிகள். நாமக்கல்லில் லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும். தறிக்கு ஷிப்ட் உண்டு, கோழிக்கு லீவு கிடையாது. இப்படிப்பட்ட ஊரில், மதியச் சாப்பாட்டு இடைவேளை, தேநீர் இடைவேளை என்று நாள் முழுக்க வெள்ளைச் சட்டையில் நிற்கிற ஆட்டத்துக்கு யார் போவார்கள்?

ஆட்டம் முதலில் காது வழியாகத்தான் வந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் செய்த தமிழ் வர்ணனை, கிரிக்கெட்டே தெரியாத வீட்டுக்குள்ளும் ஒரு மைதானத்தைக் கொண்டுவந்து வைத்தது. தறிக் கொட்டகைக்குள் மட்டும் அது எடுபடவில்லை. பத்துத் தறி ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதே கேட்காது, வர்ணனை எங்கே கேட்கும்? ஸ்கோர் வேண்டுமென்றால் டீக்கடைக்குத்தான் வர வேண்டும். 1983-இல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கியபோது இந்தக் கிராமங்களில் டிவி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். தொண்ணூறுகளில் கேபிள் வந்தது, டெண்டுல்கர் வந்தார், கதை மாறிவிட்டது. அதன் பிறகு பையன்கள் கையில் தென்னை மட்டை ஏறியது. தென்னை மட்டை போய் மரப் பட்டறையில் செதுக்கிய மட்டை வந்தது. ரப்பர் பந்து போய் டென்னிஸ் பால் வந்தது.

அந்த டென்னிஸ் பாலில்தான் விஷயம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்தப் பக்கத்து இளைஞர்கள் கிரிக்கெட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று டென்னிஸ் பால், இன்னொன்று ஸ்டிச் பால். டிவியில் ஓடுவது ஸ்டிச் பால். ஊரில் ஓடுவது டென்னிஸ் பால். இரண்டும் ஒரே ஆட்டம் என்று அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

கோடையில், அறுவடை முடிந்து ஏரி வற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரிக்குள் சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கி ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். எல்லைக்கோடு சுண்ணாம்புப் பொடி. நடுவில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, எங்கேயோ இரவல் வாங்கிய ரோலரால் உருட்டிய ஆடுகளம். கரை மேல் புளியமரத்தடியில் ஷாமியானா, அதற்குக் கீழே மைக் செட், மேஜை மேல் நோட்டுப் புத்தகம். ஃப்ளெக்ஸ் பேனரில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, ஒவ்வொன்றுக்கும் நேரே அதைத் தருபவரின் படம். ரிக் முதலாளி, பைனான்ஸ்காரர், கிளைச் செயலாளர், அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவர். சில இடங்களில் கோப்பையோடு ஒரு கிடாவும் உண்டு. அது ஷாமியானாக் காலில் கட்டப்பட்டு, நடப்பது எதிலும் பட்டுக்கொள்ளாமல் அரச இலையைத் தின்றுகொண்டிருக்கும்.

"ஏனுங்ண்ணா, எங்க மேட்ச்சு எத்தன மணிக்குங்?"

"பதினொன்றரைக்கு டாஸ்சுங் தம்பி. டீம் முழுசா வந்துட்டீங்களா? ஏழு பேர் நிக்கறீங்க?"

"மிச்ச பேர் நைட் ஷிப்ட்டுங்ண்ணா, குளிச்சுட்டு நேரா வந்துருவாங்க."

"அரை மணி நேரம்தான் பாப்போம். அப்புறம் வாக்ஓவர் குடுத்துட்டாங்கன்னு எங்ககிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

நுழைவுக் கட்டணம் கட்டிய அணிகள் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை வரிசையாக ஆடித் தீர்க்க வேண்டும். அதனால் ஆட்டத்துக்கு ஆறு ஓவர், மிஞ்சினால் எட்டு. ஒருவருக்கு இரண்டு ஓவர். எல்லைக்கோடு கிட்டத்தில். ஏரிக்கரையே சில பக்கம் எல்லை. அம்பயர் பெரும்பாலும் போட்டி நடத்தும் ஊர்க்காரர், ஆகவே அகலப் பந்து விஷயத்தில் அவ்வப்போது குரல்கள் உயரும். மைக்கில் இருப்பவர் ஆட்டத்தை வர்ணிப்பதோடு, எந்த வண்டி வழியை மறித்து நிற்கிறது, யாருடைய செல்போன் மேஜையில் கிடக்கிறது என்பதையும் சொல்லிக்கொண்டிருப்பார். இரைச்சலும் தூசியும் சேர்ந்து ஒரு சந்தை போலத் தெரிந்தாலும், உற்றுப் பார்த்தால் அங்கே ஒரு கடுமையான பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கிறது. அதில் படிப்பவன் பந்து வீச்சாளன்.

அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நிஜக் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் எடை, நடுவில் தூக்கலான தையல். அந்தத் தையலைப் பிடித்து வீசினால் காற்றில் வளையும், தரையில் பட்டு உள்ளேயோ வெளியேயோ திரும்பும். டென்னிஸ் பந்து அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை. தையல் கிடையாது. குத்தி எழும்பினால் மட்டையாளனின் இடுப்புயரத்துக்கு வந்து, அடி என்று நிற்கும். விக்கெட்டைக் காப்பாற்ற வேண்டிய கவலையே அவனுக்கு இல்லை. ஆறு ஓவரில் பத்து விக்கெட்டும் போகாது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவான். கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால் சிக்ஸ். பயிற்சியாளர்கள் நல்ல லெங்த் என்று சொல்லும் இடத்தில் போட்டால் அதைவிடப் பெரிய சிக்ஸ். தப்பிக்க ஒரே வழி, பந்து குத்தும் இடம் அவன் பெருவிரலாக இருக்க வேண்டும். மட்டையைப் பந்துக்கு அடியில் கொண்டுபோக இடமே இல்லாமல் செய்ய வேண்டும். அதுதான் யார்க்கர்.

சென்னை நெட்ஸில் ஒரு பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது நல்ல லெங்த். அதில் ஆயிரம் பந்து போட்ட பிறகு வேக மாற்றம், பவுன்சர், கடைசியில் யார்க்கர். சேலத்து ஏரியில் இந்தப் பாடத்திட்டம் தலைகீழ். அங்கே யார்க்கர்தான் அரிச்சுவடி. மற்றதெல்லாம் பிறகு, வாய்த்தால்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. கராச்சித் தெருக்களில் டென்னிஸ் பந்தின் மேல் எலக்ட்ரிக்கல் டேப்பை இழுத்து ஒட்டி ஆடினார்கள். பாகிஸ்தானின் வேகப் பந்து மரபு பேசப்படும் இடமெல்லாம் அந்த டேப் பாலும் பேசப்படும். காலிக்குப் பக்கத்து ரத்கமவில் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்து போட்டு வளர்ந்தவர்தான் லசித் மலிங்கா. பெஷாவர்ப் பக்கத்து அகதி முகாம்களில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஆப்கானியர்கள் 2017-இல் டெஸ்ட் அந்தஸ்தே வாங்கிவிட்டார்கள். புல் தரையும் கோச்சும் இல்லாத இடத்தில், இருக்கிற பந்துக்கு ஏற்ற வித்தையை ஜனங்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

சேலத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் போனால் சின்னப்பம்பட்டி. 1991-இல் பிறந்த இடது கை வேகப் பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனுக்கு இதுதான் ஊர். அப்பா தறிக் கூலி. அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். இருபது வயதை எட்டும் வரை அவர் ஆடியது டென்னிஸ் பால் மட்டும்தான். சென்னையில் அந்த வயதுக்குள் ஒரு பையன் பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினாறு, பத்தொன்பது என்று மூன்று தேர்வுகளைத் தாண்டியிருப்பான், அல்லது அவற்றில் தோற்று இன்ஜினியரிங் சேர்ந்திருப்பான்.

நடராஜனை அங்கிருந்து நகர்த்தியவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். அவரும் டென்னிஸ் பால் ஆட்டக்காரர். சென்னைக்குப் போ என்று சொன்னதோடு நிற்காமல், போவதற்கும் அங்கே நிற்பதற்கும் வழி செய்தார். நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு முதல் டிவிஷனின் ஜாலி ரோவர்ஸ். பின்னாளில் ஐ.பி.எல். சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டாரே, அந்த ஜேபி இவர்தான். பத்திரிகைகள் அந்தச் சட்டையை நன்றிக்கடன் என்று நெகிழ்ந்து எழுதின. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஒரு மாவட்டத்தில் திறமையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது ஓர் அமைப்பின் வேலை. அந்த வேலையைத் தெருக்காரர் ஒருவர் தன் கைக்காசில் செய்திருக்கிறார். ஜெயப்பிரகாஷ் இல்லாத தெருக்களில் இதே மாதிரி இடது கையோடு எத்தனை பேர் தறிக்குப் போனார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

அதற்காக அமைப்பு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அதுவும் நியாயமாகாது. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார் நடராஜன். அதோடு ஒரு வெடிகுண்டு. அவர் பந்தை எறிகிறார் என்று அம்பயர்கள் புகார் எழுதினார்கள். கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை, முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது சர்வதேச விதி. டென்னிஸ் பாலில் இதை யார் பார்க்கிறார்கள்? எடை குறைந்த பந்தை வேகமாக விட வேண்டுமானால் முழங்கையைச் சொடுக்கத் தோன்றும். ஸ்கூல் கோச் இல்லை, வீடியோ இல்லை, ஸ்டம்பு பறந்தால் கைதட்டல். அப்படியே பழகிவிட்டது.

இருபத்து மூன்று வயதில் அதைத் திருத்துவது என்பது, பிறந்ததிலிருந்து வலது கையால் சாப்பிட்டவரை இனி இடது கையால் சாப்பிடு என்பது போல. எத்தனையோ பேருடைய ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கிறது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பயிற்சியாளர்கள், முக்கியமாக முன்னாள் சுழல் பந்து வீச்சாளர்கள் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா ஆகியோர் அவரோடு உட்கார்ந்து அசைவைப் பிரித்துப் போட்டு மீண்டும் கோத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடிப்போயிற்று. ஊருக்குத் திரும்பி, டென்னிஸ் பால் பரிசுப் பணத்தோடு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் போகவில்லை. கதையில் ஆச்சரியப்பட ஒரு இடம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏலத்தை அல்ல.

ஏலக் கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடங்கியது. திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடிய நடராஜன், தூத்துக்குடிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கினார். அடுத்த வருஷம் 10 லட்சம் அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். 2018-இல் ஹைதராபாத்துக்கு 40 லட்சம். இரண்டு சீசன் முழுக்க பெஞ்ச். 2020-இல் கொரோனா காரணமாக ஐ.பி.எல். அமீரகத்துக்குப் போனபோதுதான் கதவு திறந்தது. 16 ஆட்டத்தில் 16 விக்கெட். அந்தத் தொடரில் அவரளவுக்கு யார்க்கர் போட்டவர் யாருமில்லை. நவம்பர் 6, அபுதாபி, எலிமினேட்டர். 56 ரன் எடுத்து நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்தப் பந்து, எட்டு ஓவர் டோர்னமென்ட்டில் கிடாவுக்காகப் போட்ட பந்தேதான்.

நெட்ஸில் பந்து போடும் கூடுதல் ஆளாக ஆஸ்திரேலியா போனவர், வருண் சக்கரவர்த்தியின் தோள்பட்டைக் காயத்தால் டி-20 அணிக்குள் வந்தார். டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 அதே ஊரில் டி-20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர். அதே டெஸ்டில் 301-ஆவது ஆளாகத் தொப்பி வாங்கியவர் சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத காபா மைதானத்தில் இந்தியா 328 ரன்னைத் துரத்திப் பிடித்து ஜெயித்தது. ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி அவரைக் குதிரைகள் பூட்டிய சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

அதற்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை, உள்ளே வெளியே என்று ஆட்டம், 2024 சீசனில் 19 விக்கெட், அந்த வருஷக் கடைசியில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது, அடுத்த சீசனில் மறுபடியும் பெரும்பாலும் பெஞ்ச். டெஸ்ட் அந்த ஒன்றோடு நிற்கிறது.

இங்கே நடராஜனை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவோம். முதல் பெரிய பணம் கையில் வந்ததும் 2017-இல் சின்னப்பம்பட்டியில் ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து அகாடமி தொடங்கினார். அங்கே தேறியவர்தான் ஜி. பெரியசாமி. மலிங்காவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிவது போல வீசும் வேகக்காரர். 2019 டி.என்.பி.எல்.லில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்கு 21 விக்கெட். இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5. சேப்பாக்கம் என்று பெயர் வைத்த அணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தது தறிக்காட்டுப் பந்து. 2023 ஜூனில் அதே ஊரில் நடராஜன் கிரிக்கெட் மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார்.

நடராஜன், பெரியசாமி. இரண்டு பேரும் பந்து வீச்சாளர்கள். இது தற்செயல் இல்லை.

பந்து வீச ஒரு கையும் ஒரு பந்தும் போதும், பந்துகூட அணியுடையது. மட்டை பிடிக்க வேண்டுமானால் கணக்கே வேறு. ஸ்டிச் பாலுக்குத் தாங்கும் இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்று வாங்கினால் தறிக்காரர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு யோசிக்கும். அதற்கு மேல் பேடு, கிளவுஸ், ஹெல்மெட், கார்டு. அதெல்லாம் வாங்கிவிட்டாலும் தினமும் இருநூறு, முந்நூறு பந்து போட ஆள் வேண்டும், நெட் வேண்டும், நம்பி நிற்கக்கூடிய தரை வேண்டும். டென்னிஸ் பாலில் ஏரி முழுக்க சிக்ஸ் அடிப்பவன் ஸ்டிச் பாலுக்கு முன்னால் நின்றால், 135 கிலோமீட்டர் வேகத்தில் அது கிரீஸிலிருந்து கிரீஸுக்கு வர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் காலை எங்கே வைப்பது என்று உடம்பு முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பத்து வயதில் தொடங்கி ஊறினால்தான் வரும். பந்து வீச்சாளன் இருபது வயதில் மாறிக்கொள்ளலாம், கஷ்டப்பட்டாவது. மட்டையாளனுக்கு அந்தச் சலுகை இல்லை. நகரம் மட்டையாளரை வளர்க்கிறது, சமவெளி அவர்களை அவுட்டாக்க ஆள் அனுப்புகிறது. இன்றைய நிலவரம் இதுதான்.

இதை மாற்றக்கூடிய ஒன்று சேலத்துக்குக் கிழக்கே வந்திருக்கிறது. ஆத்தூர் ரோட்டில் வாழப்பாடி, அதன் பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டி. சுற்றிலும் மலை, நடுவில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரியில் அன்றைய முதல்வர், இதே மாவட்டத்துக்காரர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். ராகுல் டிராவிட் வந்திருந்தார், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் முன்னாள் தலைவர் என். சீனிவாசனும் வந்திருந்தார். அடுத்த மாதமே ஊரடங்கு. புல்லுக்குத் தண்ணீர் விட்டவர்கள் மட்டும் மைதானத்தைப் பார்த்தார்கள். 2022-இல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் வந்த பிறகுதான் ஜனம் பார்த்தது. இப்போது ரஞ்சி ஆட்டமும் இங்கே நடக்கிறது.

டி.என்.பி.எல். இரவுகளில் விளக்கு எரிய, டிரம்ஸ் அடிக்க, குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் சந்தோஷம்தான். எனக்கு அதைவிட ரஞ்சி ஆட்டம் நடக்கும் நாட்கள் முக்கியமாகப் படுகின்றன. நுழைவுச் சீட்டு இல்லை, பாட்டு இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் வேலிப் பக்கம் உட்கார்ந்து, நாலு நாள் ஆட்டத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் பந்தை விட்டு விட்டு ஆடுவதைக் கண்ணெதிரே பார்க்கிறான். விடுவதும் ஆட்டம்தான் என்று ஏரிக்குள் யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சேலம் ஸ்பார்டன்ஸ் என்று டி.என்.பி.எல்.லில் ஓர் அணி இருப்பதைச் சொல்லி, சேலம் கிரிக்கெட் வளர்ந்துவிட்டது என்று சிலர் வாதிடுகிறார்கள். அது தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் என்ற பெயரில் இருந்த அணி, இடம் மாறிப் பெயர் மாறியது. லீக்கில் ஆட்கள் எங்கிருந்தும் எந்த அணிக்கும் போவார்கள். நடராஜனையே திண்டுக்கல், திருச்சி, திருப்பூர் என்று பிற ஊர்ப் பெயர் தாங்கிய அணிகளில்தான் பார்த்தோம். சட்டையில் ஊர்ப் பெயர் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. அதை வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது.

அளக்க வேண்டுமானால் தூரத்தை அளக்கலாம். ஒரு மைதானம் சேலத்துக்குக் கிழக்கே, இன்னொன்று மேற்கே. சேந்தமங்கலத்துப் பையனோ பரமத்தி வேலூர்ப் பையனோ இரண்டில் எதற்குப் போனாலும் இரண்டு பஸ் மாற வேண்டும். கிட் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் முடிந்து போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பினால் ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. சுப்பராயன் பிறந்த இந்தப் பக்கத்தில் டிவியில் வரும் அளவுக்கு ஒரு புல் ஆடுகளம் இன்னும் இல்லை. காசில்லை என்று சொல்ல முடியாது, ஃப்ளெக்ஸ் பேனரில் சிரிக்கும் முகங்களைப் பார்த்தாலே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொக்கப் பரிசுகளைச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் பிட்ச்சும் அதன் மேல் விரிக்க ஒரு மேட்டும் வாங்கிவிடலாம். ஆனால் மேட்டில் யாருடைய படத்தையும் போட முடியாதே.

பெண் பிள்ளைகள் விஷயத்தை இந்த இதழில் தொடவில்லை. மதுரையிலிருந்து கமலினி மும்பை இந்தியன்ஸ் வரை போய், 2025-இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வாங்கிய அணியிலும் ஆடிவிட்டார். ஏரி டோர்னமென்ட்டில் பெண்களுக்கென்று ஒரு ஆட்டம் போடும் வழக்கம் சேலம் பக்கம் இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், மதுரைக்குப் போகும்போது எழுதுகிறேன். அதற்கு முன்னால் நத்தம். கல்லூரி வளாகத்துக்குள் ஒரு மைதானத்தைக் கட்டி, திண்டுக்கல் மாவட்டம் எப்படி சேலத்தை முந்திக்கொண்டது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)